தொண்ணூறில் மிச்சம் இரண்டு

ரோஸ்காஃப்,
22 மே

க்வெண்டா அக்காவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. உன் நம்பரை என் போனில் தடுத்து வைத்திருக்கிறேன், அதை எடுக்கவும் போவதில்லை. காகிதத்தில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது, அதனால்தான் இது.

விஷயம் ஒன்றே ஒன்று. போல்வென்னா படகுக் கொட்டகையில் என் மெத்தை கிடக்கிறது. நீலத் துணியில் நானே தைத்த இருக்கை மெத்தை. அதை அனுப்பி வை. ஏன் என்று நீ கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன், வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

இந்த ஊர் படகுச் சங்கம் ஒரு கிக் படகு வாங்கியிருக்கிறது. நம் கார்ன்வால் கிக்கேதான், ஆறு துடுப்பு, பின்னால் ஒரு சுக்கான். வாங்கிவிட்டார்கள், ஓட்டத் தெரியவில்லை. துறையிலேயே சுற்றிச் சுற்றி வந்தார்கள். நான் கரையில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன். சுக்கான் பிடித்திருந்த பெண்ணுக்கு மூக்கின் மேல் கோபம். சொலென் என்று பேர், வெங்காய விவசாயி. "சிரிக்கிறவங்க வந்து ஏறுங்க, பாக்கலாம்" என்றாள். ஏறினேன். அன்றைக்கு ஏறியவள்தான், இன்னும் இறங்கவில்லை.

எந்த இடம் கொடுத்தார்கள் தெரியுமா? தாளத்துடுப்பு. சுக்கான்காரிக்கு நேர் எதிரே உட்கார்ந்து மற்ற ஐந்து பேருக்கும் தாளம் கொடுக்கிற அதே இடம். மார்ச் மாதம் அத்தனை பேர் முன்னால் என்னை எழுப்பிவிட்டு இருபத்தாறு வயது ஜென்னாவை உட்கார வைத்தாயே, அதே இடம். "உனக்கு ஐம்பத்தெட்டு ஆச்சு டாம்சின், போதும்" என்றாயே, இங்கே யாருக்கும் போதவில்லை.

அன்றைக்கே இன்னொன்றும் செய்தாய். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் இரண்டு பேரும் சேர்ந்து ஆறு மாதம் இங்கே, பிரான்சின் பிரிட்டனிப் பக்கம், இருக்கலாம் என்று இரண்டு வருடம் பேசி, இரண்டு பேரும் பிரான்சின் நீண்ட காலத் தங்கல் விசாவுக்கு எழுதிப் போட்டு, கடைசியில் நீ மட்டும் பின்வாங்கினாய். சங்கத்தை விட்டு வர முடியாதாம். சரி, சங்கத்தையே கட்டிக்கொள்.

இப்போது வயிற்றெரிச்சல் என்னவென்றால், அக்டோபர் ஏழாம் தேதி ஸ்பெயினில், கலீசியாவின் போர்ட்டோ செலானில், பெண்கள் கிக் பந்தயம். போல்வென்னாவும் வருகிறதாமே. ரோஸ்காஃபும் போகிறது. நான் போக முடியாது. நம்மைப் போல பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு பிரான்ஸ், ஸ்பெயின் எல்லாம் சேர்ந்த ஷெங்கன் நாடுகளில் நூற்றெண்பது நாளுக்குள் தொண்ணூறு நாள்தானே. மார்ச் பாதியிலிருந்து இங்கே இருக்கிறேன், அடுத்த மாதம் தொண்ணூறும் தீர்ந்துவிடும். பிரான்ஸ் விசா பிரான்சுக்குள் என்னைக் காப்பாற்றும், ஸ்பெயினில் காப்பாற்றாது. சொலெனிடம் வர முடியாது என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன். அது உனக்குத் தேவையில்லாத செய்தி.

மெத்தையை அனுப்பு.

டாம்சின்


போல்வென்னா,
5 ஜூன், திங்கள்

டாம்சின்,

மெத்தை வராது. கொட்டகைச் சாவி என்னிடம் இருக்கிறது. நான் எடுத்துத் தரமாட்டேன்.

தொண்ணூறு பற்றி நீ எழுதியது சுத்தத் தப்பு. விண்ணப்பம் போடும் முன் எல்லாவற்றையும் படித்து உனக்குச் சொன்னேன். நீ ஜன்னல் வழியாக மீன்படகைப் பார்த்துக்கொண்டிருந்தாய். இப்போதாவது காது கொடு.

நீண்ட கால விசாவில் பிரான்சில் இருக்கிற நாட்கள் அந்தத் தொண்ணூறில் சேராது. ஒரு நாள்கூடச் சேராது. அந்தத் தொண்ணூறு உனக்கு அப்படியே முழுசாக இருக்கிறது, ஸ்பெயினில், போர்ச்சுகலில், எங்கே வேண்டுமானாலும் செலவழிக்க. கையில் பணத்தை வைத்துக்கொண்டு பட்டினி கிடப்பவளை என்னவென்று சொல்வது?

உண்மைக் காரணம் வேறு என்று நினைக்கிறேன். ஜென்னாவுக்குப் பக்கத்தில் படகு விடப் பயம்.

வந்தால் தோற்பாய். எடுத்த எடுப்பில் வேகம் அதிகம். களைத்ததும் இடது தோள் தொங்கிவிடுகிறது. திருத்திக்கொள்.

க்வெண்டா


ரோஸ்காஃப்,
14 ஜூன்

அக்கா,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். நம்பிக்கை வரவில்லை. உன்னை நம்புவதற்கு எனக்கு இப்போது பழக்கம் விட்டுப்போயிற்று பார். சொலெனின் நாத்தனார் வக்கீல் ஆபீசில் இருக்கிறாள், அவளிடம் காட்டினேன். படித்துவிட்டு, "உங்க அக்கா சொன்னது சரிதான், இதுக்கா இத்தனை நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தீங்க" என்றாள்.

அங்கிருந்து படகுத்துறை வரைக்கும் ஓடினேன். இந்த வயதில், மரக்கட்டைச் செருப்போடு, சந்தை நாளில். வழியில் தக்காளிக் கூடை ஒன்றை இடித்துத் தள்ளிவிட்டேன், அந்த அம்மாள் திட்டிய திட்டு பாதிதான் புரிந்தது. சொலென் துடுப்புகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு "வரேன், ஸ்பெயினுக்கு வரேன்" என்றதும் அவள் என்னைத் தூக்கிவிட்டாள். அப்படியே தரையிலிருந்து. பெயர் கொடுத்தாகிவிட்டது. பந்தயப் பட்டியலில் ரோஸ்காஃப், தாளத்துடுப்பு டாம்சின் ட்ரெகியர். படித்துக்கொள், வேண்டுமானால் உரக்கப் படி.

பயமாம். உன் முகத்துக்கு நேரே உன் படகைத் தாண்டிப் போக வேண்டும், அதற்குத்தான் வருகிறேன். நீ சுக்கானைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு இப்போது ராத்திரி கண்ணை மூடினால் அதுதான் தெரிகிறது.

இங்கே பயிற்சி கடுமை. வாரத்தில் நான்கு நாள். வேடிக்கை பார்க்கக் கூட்டம்கூட வருகிறது. கலங்கரை விளக்கத்துக்குக் கீழே தடுப்புச் சுவரில் மஞ்சள் மழைத்தொப்பி போட்ட ஒருத்தி வெயிலிலும் உட்கார்ந்திருக்கிறாள், தொலைநோக்கியோடு. எங்கள் படகு அந்தப் பக்கம் போனால் எழுந்து நின்று இங்கிலீஷில் கத்துகிறாள், காற்றில் ஒன்றும் கேட்பதில்லை. கூடாரத் திடலில் தங்கியிருக்கும் யாரோ போல. சொலென் அவளுக்கு மஞ்சள் தொப்பி என்று பேர் வைத்துவிட்டாள். எங்களுக்கு ராசி என்கிறாள்.

மெத்தை இல்லாமல் பின்புறம் புண்ணாகிவிட்டது. மனசாட்சி இருந்தால் அனுப்பு.

டாம்சின்


போல்வென்னா,
10 ஜூலை, திங்கள்

டாம்சின்,

துள்ளாதே. ஒரு கேள்விக்குப் பதில் சொல். உன் விசா எப்போது முடிகிறது? செப்டம்பர் பதினான்கு. பந்தயம் எப்போது? அக்டோபர் ஏழு. நடுவில் மூன்று வாரம் நீ யார்?

விசா முடிந்ததும் நீயும் என்னைப் போலச் சாதாரணப் பயணி. உன் தொண்ணூறு நாள் அப்போது ஆரம்பிக்கலாம், தப்பில்லை. ஆனால் அது தானாக ஆரம்பிக்காது. விசா முடியும் முன் நீ ஷெங்கனை விட்டு வெளியே போனதற்கு ஒரு முத்திரை வேண்டும், திரும்ப உள்ளே வந்ததற்கு ஒரு முத்திரை வேண்டும். ரோஸ்காஃபிலிருந்து வேனில் ஏறி நேராக ஸ்பெயினுக்குப் போனால் எல்லையில் உன்னை நிறுத்தக்கூட ஆள் இல்லை, முத்திரைக்கு எங்கே போவாய்? பின்னால் யாராவது பாஸ்போர்ட்டைப் புரட்டினால் விசா முடிந்தும் தங்கியவள் என்பார்கள். அடுத்த விசா கேட்கும்போது அது வந்து நிற்கும்.

ஆக, செப்டம்பர் பதினான்குக்கு முன் பிளைமவுத் கப்பலில் ஏறி வா. இறங்கு. திரும்பப் போ. அவ்வளவுதான். துறையிலிருந்து போல்வென்னாவுக்கு வர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

அந்தப் பச்சைக் கையுறையை மாற்று. ஈரத்தில் வழுக்குகிறது.

க்வெண்டா


ரோஸ்காஃப்,
21 ஜூலை

அக்கா,

நீ சொன்னதைச் சரிபார்த்தேன். மறுபடி உன் பக்கம்தான் சரி, எரிச்சலாக இருக்கிறது. ஆனால் ஷெங்கனுக்கு வெளியே பிளைமவுத் மட்டும்தான் இருக்கிறதா? ஜெர்சி தீவு இருக்கிறதே. செயின்ட்-மாலோ துறைமுகத்திலிருந்து காலையில் கப்பல், சாயங்காலம் திரும்பி வந்துவிடலாம். ஒரு ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு இரண்டு முத்திரையோடு வருவேன். செப்டம்பர் பன்னிரண்டுக்கு டிக்கெட் வாங்கிவிட்டேன்.

நீ அன்றைக்குச் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிற வரைக்கும் கார்ன்வால் மண்ணில் கால் வைக்க மாட்டேன் என்று சொன்னவள் நான். ஷெங்கன் சட்டத்துக்காக அதை மாற்ற மாட்டேன். பிளைமவுத் கார்ன்வால் இல்லை, டெவன்தான் என்று நீ சொல்வாய். கிட்டத்தில் இருக்கிறது, அது போதும்.

பச்சைக் கையுறை உனக்கு எப்படித் தெரிந்தது? சொலென் போடுகிற படங்களைத் திருட்டுத்தனமாகப் பார்க்கிறாயா? பார், நன்றாகப் பார். உன் கடிதம் எல்லாம் திங்கட்கிழமைக் கடிதமாகவே இருக்கிறது, மற்ற நாளில் என்ன செய்கிறாய்?

நேற்று நேரம் வைத்து ஓட்டியதில் எங்கள் பழைய சாதனையை உடைத்துவிட்டோம். ஆறு பேரும் படகிலேயே அழுதோம், சொலென் மட்டும் அழாமல் எங்களைத் திட்டினாள், பிறகு அவளும் அழுதாள். சுவரில் மஞ்சள் தொப்பி ஆடிக்கொண்டிருந்தது, நிஜமாகவே ஆட்டம்.

ஒரு சரம் சிவப்பு வெங்காயம் அனுப்புகிறேன். பாசத்தில் இல்லை. சொலென் அனுப்பச் சொன்னாள்.

டாம்சின்


போல்வென்னா,
4 செப்டம்பர், திங்கள்

டாம்சின்,

வெங்காயம் கிடைத்தது. நன்றாக இருந்தது.

நான் போர்ட்டோ செலானுக்கு வரவில்லை. ஜென்னாவின் அம்மா சுக்கான் பிடிப்பாள். காரணம் கேட்காதே.

இழுத்துவிட்டு நிமிரும்போது தலையைத் தூக்காதே.

க்வெண்டா


ரோஸ்காஃப்,
8 செப்டம்பர்

அக்கா,

உன் கடிதத்தைப் பார்த்து எனக்கு வந்த ஆத்திரத்தில் டீக்கோப்பையை உடைத்துவிட்டேன். வரவில்லையாம். நீ இல்லாத படகை ஜெயித்து நான் என்ன செய்ய? நான்கு மாதமாக ஒவ்வொரு இழுப்பிலும் உன் மூஞ்சியைத்தான் நினைத்து இழுக்கிறேன்.

இதைச் சொலெனிடம் சொல்லிப் புலம்பினேன். அவளுக்கும் அன்றைக்கு மனசு சரியில்லை, மஞ்சள் தொப்பி ஒரு வாரமாகக் காணோம் என்று. ராசி போய்விட்டதாம். கூடாரத் திடல்காரரிடமே விசாரித்துவிட்டு வந்திருந்தாள். "பாவம், அந்தம்மா போன வாரமே காலி பண்ணிட்டாங்களாம். போகும்போது கண்ணெல்லாம் கலங்கியிருந்துச்சாம். நாள் தீந்துபோச்சுன்னு சொன்னாங்களாம். ஒவ்வொரு புதன்கிழமையும் வருவாங்களாம், ஞாயித்துக்கிழமை கப்பலுக்குப் போயிடுவாங்களாம். போல்வென்னான்னு ஒரு ஊராம்" என்றாள்.

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எல்லாம் வரிசையாக எடுத்து வைத்தேன். திங்கட்கிழமைக் கடிதங்கள். இடது தோள். பச்சைக் கையுறை. சொலென் போட்ட படங்களில் எல்லாம் நான் வெறுங்கை என்பது அப்போதுதான் உறைத்தது.

அக்கா, அது நீயா?

வெயிலில் அந்தக் கண்றாவித் தொப்பியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது நீயா? அவ்வளவு தூரம் வந்தவளுக்கு நூறு அடி நடந்து என் வீட்டுக் கதவைத் தட்டத் தெரியாதா?

இதற்கு மட்டும் உடனே எழுது. திங்கள் வரைக்கும் காத்திருக்காதே.

டாம்சின்


போல்வென்னா,
11 செப்டம்பர், திங்கள்

டாம்சின்,

உன் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. அதனால் திங்கள்.

நான்தான்.

ஏப்ரலில் ஒரு தரம் பார்த்துவிட்டு வரலாம் என்று வந்தேன். நீ அந்தப் படகில் ஏறின நாள் அது. சொலென் உன்னை ஏறச் சொன்னபோது நான் மீன்கடைக்குப் பின்னால் நின்றேன். முதல் இழுப்பிலேயே மற்ற ஐந்து பேரும் உன் பின்னால் ஒழுங்காக வந்தார்கள். ஜென்னாவுக்குப் பின்னால் யாரும் அப்படி வருவதில்லை. அவளுக்குக் கை பலம் இருக்கிறது, தாளம் இல்லை. இதை நான் இங்கே யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

அப்புறம் விட முடியவில்லை. திங்களும் செவ்வாயும் இங்கே பயிற்சி கொடுப்பேன், மற்ற நாள் அங்கே. கதவைத் தட்டவேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தேன். நீ என்னைக் கண்டதும் படகை நிறுத்திவிடுவாய் என்று பயம். அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

இப்போது சிரித்துக்கொள். உனக்கு நாள் கணக்குச் சொல்லிக் கொடுத்த நான் என் கணக்கில் கோட்டைவிட்டேன். என்னிடம் நீண்ட கால விசா இல்லையே, நானேதான் வேண்டாம் என்றேன். அங்கே இருந்த ஒவ்வொரு நாளும் என் தொண்ணூறில் போயிற்று. கூடாரத் திடலில் ராத்திரிக் கணக்கில்தான் பில் போடுவார்கள். நானும் அதேபோல ராத்திரிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். சட்டம் எண்ணுவது பகலை. காலையில் வந்து இறங்குகிற நாளும் ஒரு முழு நாள், ராத்திரிக் கப்பலேறிக் கிளம்புகிற நாளும் ஒரு முழு நாள். ஆகஸ்ட் கடைசியில் முத்திரைகளை வைத்துக் கூட்டிப் பார்த்தபோது எண்பத்தெட்டு.

பந்தயத்துக்கு எனக்கு மிச்சம் இருப்பது இரண்டு நாள். கப்பலில் ஸ்பெயினுக்குப் போய் வர அது போதாது. விமானத்தில் போகலாம் என்பாய். இந்த அறுபத்திரண்டு வயதுவரை நான் ஏறினதில்லை, ஏறவும் மாட்டேன். நீ உன் ஜெர்சிக்குப் போய் ஐஸ்கிரீம் சாப்பிடு.

நன்றாக ஓட்டு. நீ ஓட்டுவதைப் பார்ப்பது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

க்வெண்டா


கப்பலில்,
13 செப்டம்பர்

அக்கா,

இதைத் தபாலில் போடப் போவதில்லை. சாயங்காலம் கையில் கொடுப்பேன்.

ஜெர்சி டிக்கெட்டுக்குப் பணம் திரும்பக் கிடைக்காதாம், போகட்டும். சனிக்கிழமையே உன் பதிலுக்குக் காத்திராமல் பிளைமவுத்துக்கு மாற்றிவிட்டேன். ரோஸ்காஃபில் வெளியேறும் முத்திரை விழுந்தாயிற்று. அதைக் குத்திய பையனிடம் ஏனோ, எங்க அக்காவைப் பார்க்கப் போறேன் என்று சொன்னேன். அவன் கேட்கவே இல்லை.

நேற்று மதியம் உன் கடிதம் அவசரத் தபாலில் வந்தது. கப்பல் தளத்தில் உட்கார்ந்து இன்னொரு தரம் படித்தேன். பக்கத்து லாரி டிரைவர் எனக்குத் தன் கைக்குட்டையைக் கொடுத்தார். உன்னால் இப்படி அவமானம்.

ராத்திரியே இதே கப்பல் திரும்புகிறது, நானும் திரும்புகிறேன், நாளை காலை உள்ளே வரும் முத்திரை விழும், என் தொண்ணூறு ஆரம்பிக்கும். அதனால் உன்னோடு சண்டை போட எனக்குச் சில மணி நேரம்தான். துறைக்குப் பக்கத்து டீக்கடைக்கு வா என்று ஜென்னாவிடம் போனில் சொல்லி அனுப்பியிருக்கிறேன். குங்குமப்பூ பன் வாங்கி வை. மெத்தையையும் எடுத்து வா.

இப்போது நான் சொல்கிற கணக்கைக் கேள். பந்தயத்துக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, லண்டனிலிருந்து கலீசியாவின் சாந்தியாகோவுக்கு விமானம். அது உன் முதல் நாள். நான் விமான நிலையத்தில் நிற்பேன். சனிக்கிழமை காலை பந்தயம், அன்றைக்கு ராத்திரியே விமானம். அது உன் இரண்டாம் நாள். சரியாகத் தொண்ணூறு, ஒன்றுகூட அதிகமில்லை. படகும் மற்றவர்களும் கப்பலில் வரட்டும்.

கார்ன்வால் பக்கம் வரமாட்டேன் என்றவள் வந்துகொண்டிருக்கிறேன். பறக்க மாட்டேன் என்றவள் பற. என்னைத் தோற்கடிக்கவாவது வா.

கரை தெரிகிறது. சுவரில் மஞ்சளாக ஏதோ ஆடுகிறது.

டாம்சின்


போல்வென்னா,
16 அக்டோபர், திங்கள்

டாம்சின்,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். வரும்போதும் போகும்போதும் கண்ணைத் திறக்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரரின் கை வீங்கியிருக்கும், அவ்வளவு அழுத்திப் பிடித்திருந்தேன். முன்பின் தெரியாத மனுஷர். திரும்பும்போது சாந்தியாகோவில் அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் புரட்டி எண்ணினார். வியர்த்துவிட்டது. கடைசியில் நிமிர்ந்து, "இன்னைக்குத்தான் கடைசி நாள், தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றேன். முத்திரையைக் குத்தினார்.

அரைப் படகு நீளத்தில் எங்களைத் தோற்கடித்தாய். போல்வென்னாவில் யாரும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. தோற்றதற்காக இல்லை. கடைசி நேரத்தில் உன் படகு எங்கள் பக்கத்தில் வந்ததே, அப்போது நான் என் படகைப் பார்க்கவில்லை. "க்வெண்டா, யாருக்குக் கத்துறீங்க? நாங்க இங்க இருக்கோம்" என்று ஜென்னா அலறியபோதுதான் சுதாரித்தேன். நான் அதுவரைக்கும் "நீட்டு டாம்சின், நீட்டி இழு" என்று கத்திக்கொண்டிருந்தேனாம். நாலு மாதப் பழக்கம். சுவரிலிருந்து கத்திக் கத்தி வாய்க்கு வேறு எதுவும் வரவில்லை.

சங்கத்தில் நேற்றுக் கூட்டம் போட்டார்கள். சுக்கானை ஜென்னாவின் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அவர்கள் கேட்கும் முன் நானே கொடுத்தேன். வருத்தமாக இல்லை, எனக்கே ஆச்சரியம்.

உன் தொண்ணூறு டிசம்பர் பாதியில் முடிகிறது. அதற்குள் வெளியே வந்துவிடு, ஒரு நாள்கூட இழுக்காதே, கிளம்புகிற நாளும் கணக்கு. உன் அறையைச் சுத்தம் செய்துவிட்டேன். விண்ணப்பத் தேதி திறந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து லண்டன் போய் நீண்ட கால விசாவுக்குக் கொடுப்போம். மார்ச்சிலிருந்து ஆறு மாதம். இந்தத் தரம் ஜன்னல் வழியாகப் பார்க்காமல் நான் சொல்வதைக் கேள். எனக்குக் கூடாரம் வேண்டாம், முதுகு போய்விட்டது. உன் வீட்டில் ஒரு கட்டில் போடு. சுக்கானைக் கொஞ்ச நேரம் என்னிடம் தருவாளா என்று சொலெனைக் கேட்டு வை.

போர்ட்டோ செலானில் வெங்காயச் சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்தாய், பார்த்தேன். பிளைமவுத்தில் மெத்தையைக் கேட்டபோது மறந்துவிட்டேன் என்றேன் அல்லவா. மறக்கவில்லை. அதைக் கொடுத்துவிட்டால் எனக்குக் கடிதம் எழுத உனக்கு வேறு சாக்கு இருக்காது என்று நினைத்தேன்.

இப்போதும் அனுப்பவில்லை. மார்ச்சில் நானே எடுத்து வந்து உன் இருக்கையில் போடுகிறேன்.

உன் அக்கா,
க்வெண்டா